இரண்டு வீடு, ஒரு புத்தகப் பை

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைகளை வளர்ப்பது பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரும் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நானும் கணவரும் மனமொத்த விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறோம். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4. நான் காரைக்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அவருக்குச் சென்னையில் வேலை. சொந்த வீடு பள்ளத்தூரில். 'பிள்ளைகள் தாயிடம் இருப்பார்கள். தந்தை இருவருக்கும் சௌகரியமான நேரத்தில் வந்து பார்க்கலாம்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். சண்டை சச்சரவில்லாமல் பிரிகிறோம். இது போதாதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: போதாது. 'சௌகரியமான நேரம்' என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும். கேட்கிறவருக்கு அது கெஞ்சுவதாகத் தோன்றும். கொடுக்கிறவருக்கு எப்போது போன் வருமோ என்று இருக்கும். இன்றைக்கு இருக்கும் நல்ல மனசு, ஒருவருக்கு மறுமணப் பேச்சு வந்தாலோ வேலை மாறினாலோ அப்படியே இருக்காது. நல்ல மனசு இருக்கும்போதே நாள், மணி, இடம், யார் கூட்டிப்போவது, யார் கொண்டுவந்து விடுவது என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள்.

உங்கள் நிலைமைக்கு மாதத்தின் 2-வது, 4-வது சனி ஞாயிறு பொருந்தும். வெள்ளிக்கிழமை பிற்பகல் எழும்பூரில் பல்லவன் ஏறினால் அவர் இரவுக்குள் காரைக்குடி வந்துவிடலாம். ஆனால் அந்த இரவிலேயே பிள்ளைகளை அழைத்துப் போகும்படி எழுத வேண்டாம். ரயில் தாமதமானால் 4 வயதுப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் காரில் ஏற்ற வேண்டிவரும்; 'அப்பா வந்தால் அழுகை' என்று பழகிவிடும். சனி காலை 9 மணி என்று போடுங்கள். மகன் ஞாயிறு மாலை 5 மணி வரை பள்ளத்தூரில் தங்கலாம். மகளுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் சனிக்கிழமை 9 முதல் 6 வரை, ஞாயிறு 9 முதல் 1 வரை; இரவில் உங்களிடம். பிறகு ஓர் இரவு தங்கட்டும். அண்ணன் கூட இருப்பதால் சீக்கிரம் பழகிவிடுவாள். இந்த வயதில் நீண்ட இடைவெளி விட்டு முழு வாரம் இருப்பதைவிட, அடிக்கடி கொஞ்ச நேரம் பார்ப்பதுதான் ஒட்டும். அதனால் அவர் வராத வாரங்களில் செவ்வாய், வியாழன் இரவு 7 மணிக்குப் பத்து நிமிட வீடியோ அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கும் விதி வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால் அன்றைய நேரம் பகல் 2 மணிக்குத் தொடங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தவறினால் அடுத்த வாரமே ஈடு கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு ஆபீஸில் வேலை என்றால் ஈடு கிடையாது. கடுமையாகத் தெரியும். ஆனால் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் 8 வயதுப் பிள்ளையின் பக்கமிருந்து யோசித்தால் இதுதான் நியாயம்.

பண்டிகைதான் நம் பக்கத்தில் அதிகம் தகராறு வரும் இடம். தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் உங்களுக்கு, பொங்கல் அவருக்கு. இரட்டைப்படை ஆண்டில் மாற்றிக்கொள்ளலாம். தேதி மாறும் நாட்களைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீடுகளில் பிள்ளையார் நோன்பு உண்டென்றால், அது திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும், பல சமயம் அரையாண்டுத் தேர்வை ஒட்டியும் வந்துவிடும். ஆகவே தேதியைப் போடாமல் விழாவின் பெயரைப் போடுங்கள். நோன்பின் இழை எடுக்கும் சடங்கு இரவில்தான் என்பதால் முழு நாளைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை: இந்த ஆண்டு யார் வீட்டு முறையோ அவர் பள்ளி விட்டதும் அழைத்துப் போய், இரவு 9 மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு மாதிரியான காரியங்களுக்குப் பங்காளிகள் கூடித்தான் நாள் குறிப்பார்கள். அதற்கு 'நாள் தெரிந்த 3 நாளுக்குள், விழாவுக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்' என்று ஒரு வரி போதும்.

கோடை விடுமுறையில் ஒரேயடியாக ஒரு மாதம் வேண்டாம். 4 வயதுக்கு நாலைந்து நாள், 8 வயதுக்குப் பத்து முதல் பதினான்கு நாள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகள் காரைக்குடிக்குத் திரும்பிவிட வேண்டும். நேரத்துக்குத் தூங்கி எழ அந்த ஒரு வாரம் பிடிக்கும்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி மனுவுக்கும் இறுதி வாக்குமூலத்துக்கும் நடுவில் 6 மாத இடைவெளி உண்டு. தகுந்த வழக்குகளில் இதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் தம்பதிகள் அந்தச் சலுகையைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஆறு மாதம் அட்டவணையை நடத்திப் பாருங்கள். எது ஓடவில்லையோ அதைத் திருத்தி இறுதி ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தீர்ப்பு வந்த பிறகும் பிள்ளைகள் பற்றிய உத்தரவை அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவில் மாற்றிக் கேட்க முடியும். இன்னொன்று: '5 வயசானா பிள்ளை அப்பன் வீட்டுக்குப் போயிரும்' என்று வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) யாராவது உங்களை பயமுறுத்தியிருப்பார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் கைமாற வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. எந்த வயதிலும் பிள்ளையின் நலமே முதன்மை என்பது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. சனிக்கிழமை அழைக்கப் போனால் அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று அழுகிறாள். ஞாயிறு மாலை கொண்டுபோய் விட்டால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். 'என்ன சொல்லிக் கொடுத்து அனுப்புறீக' என்று அவளுடைய ஆயா (அம்மாவின் அம்மா) கேட்கிறார். எந்த அழுகை உண்மை?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டும் உண்மைதான். அந்த அழுகையில் உங்கள் பக்கமும் இல்லை, அவர்கள் பக்கமும் இல்லை. கைமாறும் நேரத்தில் வரும் இந்த அழுகை பெரும்பாலும் பத்து, இருபது நிமிடத்தில் அடங்கும். பெரியவர்கள் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் நீள்கிறது.

சில ஏற்பாடுகளை மாற்றிப் பாருங்கள். இப்போது நீங்களே போய் அழைத்து, நீங்களே கொண்டுபோய் விடுகிறீர்கள். யாரிடம் பிள்ளை இருக்கிறதோ அவரே மற்றவர் வீட்டில் கொண்டுவந்து விடும்படி செய்துகொள்ளுங்கள். அப்பா வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார் என்பது மாறி, அம்மாவே கூட்டிவந்து விடுகிறார் என்றாகும்; பிள்ளைக்கு அது பெரிய அனுமதி. கைமாற்றம் வீட்டின் முன்பக்க முகப்போடு முடியட்டும். அடுத்த கூடமான பட்டாலை தாண்டி வளவுக்குள் போனால் பெரியப்பா, சின்னத்தா, வேலைக்கு வந்தவர் என்று நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. முதலில் பை, அடுத்து பிள்ளை, இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். ஐந்து தடவை திரும்பி வந்து கட்டியணைத்தால் ஐந்து தடவை பிரிவு. பணம், பள்ளிக் கட்டணம், வக்கீல் எதுவும் அந்த இடத்தில் பேசக்கூடாது.

நேரமும் முக்கியம். பசியோடும் தூக்கத்தோடும் இரவு 8 மணிக்கு விடாதீர்கள். குளிப்பாட்டி, சிற்றுண்டி கொடுத்து மாலை 5 மணி வாக்கில் விடுங்கள். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நீங்களே நேராக அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. பிரிவது பள்ளியிலிருந்துதானே ஒழிய அம்மாவிடமிருந்து அல்ல. அதற்கு, அழைத்துப் போக அனுமதி உள்ளவர்களின் பெயர், போன் எண், புகைப்படத்தோடு இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். உத்தரவு இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். மதிப்பெண் அட்டை, பெற்றோர் கூட்டத் தகவல் இரண்டு எண்ணுக்கும் வரட்டும்.

பல் துலக்கும் பிரஷ், இரவு உடை, உள்ளாடை, செருப்பு, பென்சில் டப்பா, ஒரு செட் யூனிஃபார்ம் இரண்டு வீட்டிலும் தனித்தனியே இருக்கட்டும். கூடவே போக வேண்டியவை புத்தகப் பை, மூக்குக்கண்ணாடி, மருந்து, அவள் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை. விட்டுப்போன கணக்கு நோட்டுக்காக ஞாயிறு இரவு 9 மணிக்கு நடக்கும் போன் சண்டைகளில் பாதி இதில் ஒழிந்துவிடும்.

வீட்டுக்குள் வந்ததும் முதல் ஒரு மணி நேரம் விசாரணை கூடாது. 'அங்கே என்ன சாப்பிட்டே, யார் யார் வந்தாக, என்னைப் பத்தி என்ன சொன்னாக' என்று கேட்டால் பிள்ளை இரண்டு வீட்டுக்கும் பிடித்த மாதிரி பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும். இது ஆயாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

படுக்கையில் சிறுநீர் போவது, நகம் கடிப்பது, விரல் சூப்புவது இவை புதிதாக வந்து மூன்று நான்கு வாரம் தாண்டியும் நீடித்தால், சாப்பாடு குறைந்தால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டாலே ஒளிந்துகொண்டால், காயத்துக்குச் சொல்லும் காரணம் ஒட்டாமல் இருந்தால், அது கைமாறும் அழுகை இல்லை. குழந்தை மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப் போங்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: பிள்ளைக்காகப் பேசத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் பள்ளிக் கட்டணத்தில் தொடங்கும் பேச்சு எங்கள் கல்யாணத்து மொய் வரைக்கும் போய்விடுகிறது. நண்பர்களாக இருங்கள் என்கிறார்கள், என்னால் முடியவில்லை.
– வாசகி, கோட்டையூர்

பதில்: முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு நீங்கள் நண்பர்களாக இருக்கத் தேவையில்லை. கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசிக்கொள்ளும் அளவு மரியாதை இருந்தால் காரியம் நடக்கும்.

பிள்ளை பற்றிய பேச்சுக்கென்று ஒரே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்: தனி வாட்ஸ்அப் எண்ணோ மின்னஞ்சலோ. அதில் வேறு எதுவும் வரக்கூடாது. ஒரு செய்தியில் ஒரு விஷயம், ஐந்து வரிக்குள். பதிலுக்கு 24 மணி நேரம். உடம்பு சரியில்லை, விபத்து என்றால் மட்டும் நேரடி போன். இரவு 9 மணிக்கு மேல் செய்தி வேண்டாம். குரல் பதிவு அறவே வேண்டாம். குரலில் கோபம் ஏறிவிடும், பிள்ளை பக்கத்தில் இருந்தால் கேட்டும் விடும்.

'வழக்கம்போல நீங்க மறந்துட்டீங்க, பிள்ளைக்கு அப்பா இருக்கிறதே தெரியல, ஃபீஸ் கட்டப் போறீங்களா இல்லையா' என்று எழுதத் தோன்றும். இதில் கேள்வி ஒன்று, குற்றச்சாட்டு இரண்டு. பதில் குற்றச்சாட்டுக்குத்தான் வரும். 'இரண்டாம் தவணை 10-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உங்கள் பாதியைப் பள்ளிக் கணக்கிலேயே செலுத்தலாம். 8-ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள்' என்று எழுதினால் சண்டை போட அதில் கைப்பிடி இல்லை. 'எப்பவும்', 'ஒருநாளும்', 'உங்க அம்மா' என்ற மூன்றும் இல்லாமல் எழுதினாலே பாதி வெற்றி. வரும் செய்தியில் ஏச்சு இருந்தால் அதை விட்டுவிட்டுத் தேதிக்கும் தொகைக்கும் மட்டும் பதில் போடுங்கள். இந்தச் செய்திகளெல்லாம் ஒருநாள் நீதிபதி மேசைக்கு வரலாம் என்ற நினைப்பும் நல்ல கடிவாளம்.

அவர் வீட்டில் இரவு 11 மணி வரை டி.வி. ஓடுகிறது, கை கழுவாமல் சாப்பிட விடுகிறார்கள் என்பதற்கெல்லாம் செய்தி அனுப்பாதீர்கள். உறங்கும் நேரம், பள்ளி வருகை, மருந்து, வண்டியில் ஹெல்மெட், செல்போன் நேரம் ஆகிய ஐந்தில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரே விதி வையுங்கள். மற்றதில் அந்தந்த வீட்டுச் சட்டம். பள்ளியில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி நடக்கப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

எது செய்தாலும் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். 'அப்பாகிட்ட ஷூவுக்குப் பணம் கேளு' என்று அனுப்பினால், பணம் வராவிட்டால் தோற்றது பிள்ளை.

கேள்வி: 4 வயது மகன் அங்கே இருந்தபோது காய்ச்சல் வந்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். இங்கே வந்ததும் நானும் கொடுத்துவிட்டேன். இதற்கு என்ன வழி?
– வாசகி, புதுவயல்

பதில்: பாராசிட்டமால் சிரப் கடையில் 5 மில்லியில் 120 மி.கி., 5 மில்லியில் 250 மி.கி. என்று இரண்டு வலிமையில் கிடைக்கிறது. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். ஒரு வேளைக்கான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகன் 15 கிலோ என்றால் 120 வலிமையில் ஏழரை மில்லி கொடுப்பது 180 மி.கி.; சரியான அளவு. அதே ஏழரை மில்லியை 250 வலிமைப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 375 மி.கி. ஆகிவிடும். 'ஏழரை மில்லி கொடுத்தேன்' என்று இரு வீட்டாரும் ஒரே மாதிரி சொல்வார்கள். உள்ளே போனது இரட்டிப்பு.

இரண்டு வீட்டிலும் ஒரே பிராண்டு, ஒரே வலிமை வாங்கி வையுங்கள். மருந்தின் பெயர், வலிமை, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, அப்போது காய்ச்சல் எவ்வளவு என்று பையில் உள்ள சின்ன நோட்டில் எழுதி, அதைப் படம் எடுத்தும் அனுப்புங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் 4 முதல் 6 மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் பாருங்கள். கூடுதலாகப் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால், பிள்ளை நன்றாக விளையாடினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாது. ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் பாட்டிலே பிள்ளையோடு பயணம் செய்ய வேண்டும். தடுப்பூசி அட்டையின் நகல் இருவரிடமும் இருக்கட்டும்.

கேள்வி: ஜீவனாம்சம் மூன்று மாதமாக வரவில்லை. பணம் தரும்வரை பிள்ளையை அனுப்பாதே என்கிறார் என் அண்ணன்.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அண்ணனுக்குக் கோபம் நியாயம், யோசனை தவறு. பணமும் சந்திப்பும் சட்டத்தில் தனித்தனித் தடங்கள். அனுப்பாமல் இருந்தால் உத்தரவை மீறியவர் நீங்கள் என்றாகி, பாக்கி கேட்கும் உங்கள் மனுவே பலவீனப்படும். அதேபோல், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தவும் அவருக்கு உரிமை இல்லை.

எந்தச் சட்டத்தில் உத்தரவு வாங்கினீர்களோ அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. அதன்கீழ் பாக்கியை, அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு இழப்பவர்கள் நிறையப் பேர். பாஸ்புக் பக்கங்களை நகலெடுத்து வையுங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 எண்ணிலும் கேட்கலாம்.

மாதத் தொகைக்குள் அடங்காத செலவுகளுக்கு முன்கூட்டியே விகிதம் வேண்டும்: பள்ளிக் கட்டணம், புத்தகம், பல் சிகிச்சை, கண்ணாடி, சுற்றுலா. 2,000 ரூபாய்க்கு மேலான செலவுக்கு முதலில் கேட்பது, ரசீது அனுப்பிய 7 நாளில் பாதியைக் கொடுப்பது என்று வைத்துக்கொள்பவர்களுக்குத் தகராறு குறைவு. தொகை உங்கள் வசதிப்படி. கட்டணத்தைப் பள்ளிக்கே நேராகக் கட்டச் சொல்வது, 'பணம் எங்கே போச்சு' என்ற பேச்சை நிறுத்திவிடும். பெண் பிள்ளைக்குச் செல்வமகள் கணக்கு ஒன்றுதான் தொடங்க முடியும், 10 வயதுக்குள். போட்டிக்கு ஆளுக்கொன்று திறக்க முடியாது. யார் காப்பாளராக இருப்பது, ஆண்டுக்கு யார் எவ்வளவு போடுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். உச்சவரம்பு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்.

கேள்வி: பிள்ளையின் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். விடுமுறைக்கு 9 வயது மகனை அங்கே அனுப்பக் கேட்கிறார். திருப்பி அனுப்பாவிட்டால்?
– வாசகி, கண்டனூர்

பதில்: பயம் ஆதாரமில்லாததல்ல. பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து கொண்டுபோய்த் திருப்பாமல் வைத்துக்கொள்வதைத் தடுக்கும் 1980 ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையின் வேகமான வழி உங்களுக்குக் கிடைக்காது. பிள்ளை அங்கே தங்கிவிட்டால் அந்த நாட்டு நீதிமன்றத்தில் தனியே வழக்காட வேண்டும். ஆனால் அவர் முறையாகக் கேட்கும்போது மறுத்துக்கொண்டே இருப்பதும் நீடிக்காது.

அனுப்புவதற்கு முன் இங்குள்ள நீதிமன்றத்தில் பயண அனுமதி உத்தரவு வாங்குங்கள். போகும் தேதி, திரும்பும் தேதி, விமான எண், தங்கும் முகவரி அதில் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட் முன்பே எடுத்திருக்க வேண்டும். திரும்பி வந்த 2 நாளில் பாஸ்போர்ட் யார் கைக்கு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதே நிபந்தனைகளோடு அங்குள்ள நீதிமன்றத்திலும் உத்தரவு பதிவு செய்யச் சொல்லலாம். செலவுதான், ஆனால் நிம்மதி. முதல் பயணம் 7 முதல் 10 நாளுக்கு மேல் வேண்டாம். இளவர் பாஸ்போர்ட்டுக்கு இருவர் சம்மதமும் உள்ள அனெக்ஷர் டி படிவம் வேண்டும். ஒருவர் கையெழுத்துக் கிடைக்காத நிலையில் அனெக்ஷர் சி. கஸ்டடி உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை உடன் இல்லாத பெற்றோருக்கு, தனிக் காரணம் இருந்தாலொழிய, தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு 7 மணி அங்கே 9.30, அவர் வேலை முடித்து வந்திருப்பார், பையன் வீட்டுப்பாடம் முடித்திருப்பான். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். 'என்னடா பேசுறே'ன்னு எட்டிப் பார்க்கும் தலை திரையில் தெரிந்தால் பேச்சு 'ம்', 'ஆமா'வில் முடிந்துவிடும். 9 வயதுப் பையன்கள் போனில் பேச மாட்டார்கள், அது வெறுப்பல்ல. இருவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதோ சதுரங்கம் ஆடுவதோ வைத்துக்கொண்டால் பத்து நிமிடம் தானே ஓடும்.

கேள்வி: மகனும் மருமகளும் தீர்த்துக்கிட்டாக. பேத்தி அவ ஆத்தா வீட்டுல இருக்கா. இந்த வருஷம் அவளுக்குத் திருவாதிரைப் புதுமைச் சடங்கு செய்யணும். 'நாங்களே செஞ்சுக்கிறோம், நீங்க வர வேண்டாம்'ங்கிறாக. அப்பத்தா எனக்கு உரிமை இல்லையா?
– வாசகி, நாட்டரசன்கோட்டை

பதில்: ஆச்சி, தாத்தா பாட்டிக்கென்று தனியாகப் பார்க்கும் உரிமை தரும் பிரிவு இந்தச் சட்டங்களில் இல்லை. உங்கள் மகனுக்கு உள்ள நேரத்துக்குள்தான் நீங்களும். ஆகவே உரிமை பேசாமல் ஏற்பாடு பேசுங்கள். உங்கள் மகன் மூலமாகவே பேசுங்கள்.

புதுமைக்கு ஒரு மாதம் முன்னதாக, இரண்டு வீட்டாரும் மதிக்கும் ஒரு பெரியவரை அந்த ஒரு நாளுக்கு மட்டும் நடுவில் வையுங்கள். அவரிடம் கேட்டு முடிக்க வேண்டியவை: அழைப்பில் இரண்டு பக்கப் பெயரும் வருமா, எந்தச் சடங்கில் யார் பக்கத்தில் நிற்பது, தாய்மாமன் சீர் எத்தனை மணிக்கு, உங்கள் சீர் எத்தனை மணிக்கு, பிள்ளையோடு யார் யார் படம் எடுத்துக்கொள்வது, செலவில் எது யாருடையது. பந்தியில் தனித்தனியாக உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் பக்கத்திலிருந்து எண்ணி ஆறேழு பேர் மட்டும் போவது நல்லது; நாற்பது பேர் போனால் பலப்பரீட்சையாகத் தெரியும். அதற்கும் சம்மதம் வராவிட்டால், மகனுடைய அடுத்த சனிக்கிழமையில் உங்கள் வீட்டில் பணியாரம் சுட்டுப் புதுச் சட்டை போட்டு விடுங்கள். 'உங்க ஆத்தாதான் வர விடல' என்று மட்டும் அவள் காதில் விழக்கூடாது. திங்கட்கிழமை அது அங்கே போய்ச் சேரும், அடுத்த புதுமைக்கும் கதவு சாத்தும்.

கேள்வி: அவர் குடித்துவிட்டு வண்டியில் வந்து பிள்ளையைக் கேட்கிறார். முன்பு என்னை அடித்ததும் உண்டு. ஒத்துப்போக வேண்டும் என்ற உங்கள் அறிவுரை எனக்கும்தானா?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: இல்லை. மேலே சொன்னதெல்லாம் அடி, மிரட்டல் இல்லாத இடத்துக்குத்தான். குடித்திருப்பவரின் வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, 'இப்போது அனுப்ப முடியாத நிலை. நாளை காலை 10 மணிக்கு வேறொருவர் உடனிருக்க வரலாம்' என்று உடனே செய்தி அனுப்பி வையுங்கள். கலாட்டா செய்தால் போலீசுக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, பிள்ளை சம்பந்தப்பட்டதற்கு 1098. தேதி, மணி, பார்த்த இருவர் பெயர் எழுதி வையுங்கள்.

ஆனால் நீங்களாகவே மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போய்விடுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தற்காலிகக் கஸ்டடி கேட்கலாம். சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால் நீதித்துறை நடுவர் அதை மறுக்கவும் முடியும். நீதிமன்ற வளாகத்திலோ வேறு பொது இடத்திலோ, மூன்றாவது ஆள் கண்காணிப்பில், ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் என்றும் உத்தரவு கேட்கலாம். கைமாற்றத்துக்கு நீங்கள் நேரில் போகவே தேவையில்லாதபடி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 13 வயது மகன் இனி அப்பாவிடம் போக மாட்டேன் என்கிறான். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டாயப்படுத்தவா?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் காரணத்தைக் கேளுங்கள். பயம் என்றால் மேலே உள்ள பதில். சனிக்கிழமை கிரிக்கெட், டியூஷன், நண்பன் வீடு என்றால் தப்பு அட்டவணையில். 8 வயதில் போட்டதை 13-க்கும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு அவன் தலையில் இல்லை. அதனால் 'உன் இஷ்டம்' என்று கைகழுவாதீர்கள். 'போவதா வேண்டாமா என்பது பேச்சில்லை, எப்போது எப்படி என்பதை நீ சொல்லு' என்று வையுங்கள். இரண்டு முழு வார இறுதிக்குப் பதிலாக ஒரு முழு வார இறுதியும், வாரம் ஒரு மாலை நேரமும் கேட்டால் அப்பாவும் யோசிப்பார். அவனே அப்பாவுக்கு எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை அப்பா மைதானத்துக்கே வந்து நின்று, முடிந்ததும் சாப்பிடக் கூட்டிப் போய், எட்டு மணிக்கு வீட்டில் விடலாம். அதையும் சந்திப்பாகவே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.